பதினான்கு வருடம் நின்ற அம்பாசடர்: பல்பை விடுங்கள், எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: அப்பா ஓட்டிய 1976 மாடல் அம்பாசடர் மார்க் 3, பெட்ரோல் வண்டி. காரைக்குடி வீட்டுக் கொட்டகையில் 14 வருடமாக நின்றது. டேங்க், கார்புரேட்டர், பிரேக் எல்லாம் வேலை பார்த்து இன்ஜின் இப்போது நன்றாக ஓடுகிறது. கரண்ட் வேலைதான் தீராத தலைவலி. புது பேட்டரி போட்டும் ஹெட்லைட் இரண்டும் மஞ்சளாக எரிகின்றன, வலது பக்கம் இன்னும் மோசம். இரண்டு பல்பையும் மாற்றிவிட்டேன், பலனில்லை. பார்க்கிங் லைட் போட்டால் வலது பின் விளக்கு எரிகிறது. அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தால் அது அடியோடு அணைந்துவிடுகிறது! இடது இண்டிகேட்டர் சரியாக மினுக்குகிறது, வலது பக்கம் போட்டால் மினுக்காமல் நின்று எரிகிறது. ஹார்ன் சத்தமே இல்லை. இன்ஜின் ஓடும்போதும் டேஷ்போர்டின் சிவப்பு லைட் அணைவதில்லை. நான்கு நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. மொத்த ஒயரிங்கையும் உருவிவிட்டுப் புதிதாக இழுக்கவேண்டும் என்கிறார் எலக்ட்ரீஷியன். அப்படித்தான் செய்யவேண்டுமா?

பதில்: மொத்த ஒயரிங்கையும் மாற்றும் நிலை இன்னும் வரவில்லை என்றே உங்கள் கடிதம் சொல்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் ஏழு கோளாறில் மூன்று ஒரே இடத்தில் பிறந்தவை. ஹெட்லைட் பெரும்பாலும் களிம்பு ஏறிய கான்டாக்ட். சிவப்பு லைட் டைனமோ பக்கத்து வேலை. இப்போது ஒயரிங்கை மாற்றினால் பணம் செலவாகும். எர்த் என்பது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி; துருப்பிடித்த அதே எர்த் திருகில் புது ஒயரைக் கட்டினால் விளக்கு மறுபடியும் மங்கலாகத்தான் எரியும்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து லூகாஸ் (கார் மின்சாமான் செய்த பிரிட்டிஷ் கம்பெனி) முறையில் ஃபியூஸ் பெட்டியில் இரண்டே ஃபியூஸ்தான். ஒன்று ஹார்ன் போன்ற எப்போதும் லைவாக இருக்கும் லைனுக்கு, மற்றது சாவி போட்டால் வரும் லைனுக்கு. ஹெட்லைட் சுவிட்சுக்குப் போகும் பழுப்பு ஒயர் ஃபியூஸ் இல்லாமல் நேராகவே போகும். அந்த ஒயரின் உறை விரிந்து பாடியில் பட்டால் ஃபியூஸ் போய் உங்களைக் காப்பாற்றாது. ஒயரே நெருப்புக் கம்பியாகிவிடும். ஆகவே வண்டி நிற்கும்போதெல்லாம் பேட்டரியின் எர்த் கிளாம்பைக் கழற்றிவிடுங்கள். இந்த வேலை முடியும்வரை இதைத் தவறவிடவேண்டாம்.

எர்த் கிளாம்ப் என்றதும் இன்னொன்று. பாடியோடு போல்ட் போட்டிருப்பது மைனஸா ப்ளஸா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். இந்த வண்டிக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலாந்தில் பாசிட்டிவ் எர்த்தாக வந்த வண்டி. நம் ஊரில் பல கைகள் மாறிய வண்டிகளில் இடையில் யார் எதை மாற்றினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. பழைய கிளாம்பின் ஓட்டையை அளந்தாலே ஓரளவு தெரிந்துவிடும்: பேட்டரியின் ப்ளஸ் முனை மைனஸைவிடச் சற்றுப் பருமன். புது பேட்டரி போடும்போது கிளாம்பை நெருக்கியோ விரித்தோ மாட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். கீழே நான் ‘எர்த் பக்கம்’, ‘லைவ் பக்கம்’ என்று மட்டுமே சொல்கிறேன். இரண்டு வகைக்கும் அது பொருந்தும்.

முதலில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்ப்போம். 12 வோல்ட் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, கழற்றிய எர்த் கிளாம்புக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவில் சேருங்கள். சாவி, விளக்கு, கதவு எல்லாம் மூடியிருக்கவேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ நேரடி ஷார்ட். லேசாகச் சிவந்தால் ஏதோ ஒரு சின்ன லோடு ஓடிக்கொண்டிருக்கிறது. எரியவே இல்லையென்றால் பயமின்றி அடுத்த வேலைக்குப் போகலாம். ஷார்ட்டே இருந்தாலும் இந்தப் பல்பு வழியாக 2 ஆம்பியருக்கு மேல் போகாது, ஒயர் எரியாது. ஒன்று மட்டும்: பல்பு தொடராக இருக்கும்போது செல்ஃப் அடிக்கவேண்டாம், சுற்றாது.

ஷார்ட் இல்லையென்று தெரிந்ததும் வலது பின் விளக்குக்கு வாருங்கள். பிரேக் மிதித்தால் பார்க்கிங் அணைகிறது என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருக்கிறீர்கள். கோளாறு இதைவிடத் தெளிவாகத் தன் முகவரியைச் சொல்லமுடியாது. அந்தப் பல்புக்குள் இரண்டு இழை: பார்க்கிங்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டுக்கும் பல்பின் பித்தளை உடம்புதான் பொது எர்த். அந்த எர்த் அறுந்துபோனால் பார்க்கிங் இழைக்கு வந்த கரண்ட் சும்மா இருக்காது. பிரேக் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, பிரேக் ஒயரைப் பிடித்து, இடது பக்கத்து நல்ல பிரேக் பல்பின் வழியே எர்த்துக்குப் போய்ச் சேரும். அதனால் வலது பார்க்கிங் ஏதோ சரியாக எரிவதுபோலவே தெரிகிறது. நீங்கள் பிரேக்கை மிதித்ததும் அந்த ஒயரிலும் 12 வோல்ட் வந்துவிடுகிறது. இரண்டு முனையிலும் ஒரே அழுத்தம் இருந்தால் கரண்ட் ஓட வழியில்லை. விளக்கு அணைகிறது.

அதே கூட்டுக்குள்ளேதான் வலது பின் இண்டிகேட்டரும் எர்த் எடுக்கிறது. இண்டிகேட்டரை மினுக்கவைக்கும் பழைய ஃப்ளாஷருக்குள் சூடாகி நீளும் கம்பி ஒன்று உண்டு. இரண்டு 21 வாட் பல்பின் கரண்ட் அதன் வழியே போனால்தான் அது தாளமாக மினுக்கும். பின் பல்பு எர்த் இல்லாமல் கரண்டை இழுக்காதபோது கம்பிக்குப் போதிய சூடு ஏறுவதில்லை. இடது பக்கம் ஒழுங்காக மினுக்குவதால் ஃப்ளாஷர் நல்லது. அதை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

உறுதிப்படுத்த இரண்டு நிமிடம் போதும். ஒரு நீள ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையில் முதலைக் கிளிப்பால் கடிக்கவிட்டு, மறுமுனையை அந்தப் பல்பு ஹோல்டரின் உலோகத்தில் அழுத்துங்கள். பார்க்கிங், பிரேக், இண்டிகேட்டர் மூன்றும் அந்தக் கணமே ஒழுங்காகிவிட்டால் வேறெதையும் தேடவேண்டாம். விளக்குக் கூட்டைக் கழற்றுங்கள். உள்ளே பாடியில் உட்காரும் திருகுகள் துருவேறியிருக்கும், அல்லது இடையில் பெயின்ட் அடித்தவர் எர்த் படும் இடத்தையும் சேர்த்து அடித்திருப்பார், அல்லது ரப்பர் கேஸ்கெட் காய்ந்து தண்ணீர் இறங்கியிருக்கும். காசு அகலத்துக்கு வெறும் தகரம் பளபளக்கும்வரை எமரி ஷீட்டால் தேய்த்து, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். இத்தனை வயதான தகரத்தை நம்பாமல், ஹோல்டரிலிருந்து டிக்கிக்குள் ஒரு நல்ல போல்ட்டுக்குத் தனியாக ஒரு கறுப்பு எர்த் ஒயர் இழுத்துவிடுவது இன்னும் நல்லது. இடது பக்கத்துக்கும் சேர்த்தே செய்துவிடுங்கள். அடுத்த மழைக்கு அதன் முறை வரும்.

ஹோல்டரைச் சுத்தம் செய்ய வீட்டில் பித்தளை விளக்குத் துலக்குவதுபோலப் புளியோ எலுமிச்சையோ போடவேண்டாம். பளபளப்பு வரும். ஆனால் இடுக்கில் தங்கும் புளிப்பு ஒரே மாதத்தில் பச்சைக் களிம்பாகத் திரும்பிவரும். 400 நம்பர் எமரி ஷீட்டைச் சுருட்டி விட்டுத் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்தால் போதும். அடியில் இருக்கும் ஸ்பிரிங் பல்பை மேலே தள்ளுகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். துருவால் இறுகிப்போன ஸ்பிரிங் ஹோல்டரையே மாற்றவேண்டிய கேஸ்.

இனி ஹெட்லைட். பல்பை மாற்றியும் பலனில்லை என்பதில் வியப்பில்லை; பல்புக்கு வந்து சேரும் வோல்டேஜ்தான் குறைவு. வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் அதே அளவில் குறையாது, மடமடவென்று சரியும். பேட்டரியில் 12.4 இருக்க, ஹோல்டரில் 10.4 மட்டும் கிடைத்தால் வெளிச்சம் ஏறத்தாழப் பாதிதான். நிறமும் மஞ்சளாகிவிடும்.

வழியில் தொலைகிற 2 வோல்ட்டை மல்டிமீட்டரால் பிடிக்கலாம். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒரு புரோபை 3 மீட்டர் ஒயரால் நீட்டி, பேட்டரியின் லைவ் முனையிலேயே நிறுத்துங்கள். கிளாம்பின் மேல் வைக்காதீர்கள், ஈய முனையின் மேலேயே வையுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபுரோபை ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டு போங்கள்: முதலில் கிளாம்ப், அடுத்து கட்-அவுட் பெட்டியின் (டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) ‘ஏ’ முனை, லைட் சுவிட்சின் உள்பக்கம், அதன் வெளிப்பக்கம், காலால் மிதிக்கும் டிம்-டிப் சுவிட்ச் இருந்தால் அதன் உள்ளும் வெளியும், ரேடியேட்டர் பக்கத்துப் புல்லட் இணைப்பு (ஒயரின் குண்டு போன்ற முனையைக் குழாயில் சொருகுவது), கடைசியில் பல்பின் காது. மீட்டர் காட்டுவது அதுவரை தொலைந்த வோல்டேஜ். எந்த இடத்தில் எண் திடீரென்று குதிக்கிறதோ அங்கேதான் நோய். ஒரு சுவிட்சுக்கு 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. பேட்டரியிலிருந்து பல்புவரை மொத்தமாக 0.5 தாண்டக்கூடாது. பிறகு இதையே எர்த் பக்கமும் செய்யுங்கள்: ஒரு புரோப் பேட்டரியின் எர்த் முனையில், மற்றது பல்பின் எர்த் காதில். இங்கேயும் 0.2 தான் எல்லை.

இரண்டு விளக்குமே மங்கல் என்பதால் பொதுவான வழியில் ஒன்று இருக்கிறது. வலது இன்னும் மோசம் என்பதால் அந்தப் பக்கத்துக்குத் தனியாக இன்னொன்று. முன்னதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது டிம்-டிப் சுவிட்சைத்தான். தரையில் இருப்பதால் செருப்பு மண்ணும் ஈரமும் நேராக அதற்குள் போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு 50 தடவை மிதித்தாலே கான்டாக்ட் தன்னைத்தானே தேய்த்துக்கொண்டு பாதி வோல்ட் திரும்பக் கிடைப்பதுண்டு. வலது பக்கத்துக்குப் புல்லட்டுகளையும் அந்த விளக்கின் எர்த்தையும் பாருங்கள். புல்லட்டைப் பிடித்து இழுக்கும்போது ஒயர் கையோடு வந்துவிட்டால் வருத்தப்படவேண்டாம், அதுதான் கோளாறு. ஒயரை ஒரு சென்டிமீட்டர் சீவிப் பாருங்கள். செம்பு செம்பாக இருந்தால் புதுப் புல்லட்டை ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். இழைகள் கறுத்திருந்தால் இன்னும் வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு சாண் தாண்டியும் கறுப்புதான் என்றால் அந்த ஒயரை மட்டும் மாற்றுங்கள்.

வோல்டேஜ் சரியாகியும் வெளிச்சம் சரியில்லையென்றால் ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். வெள்ளிப் பூச்சு மங்கியிருந்தால் அதைத் துணியால் துடைத்துவிடாதீர்கள், மிச்சமிருப்பதும் போய்விடும். கூட்டோடு மாற்றுவதுதான் வழி.

ரிலே (சுவிட்சின் சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் பெட்டி) போடலாமா என்று அடுத்து உங்கள் எலக்ட்ரீஷியன் கேட்பார். 45/40 வாட் பல்பு என்றால் தேவையில்லை. சுவிட்ச் சுத்தமானால் போதும். 60/55 ஹாலஜன் போட்டிருந்தால் ஹைபீமுக்கு ஒன்று, லோபீமுக்கு ஒன்று என 30 ஆம்பியர் ரிலே இரண்டு போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் 15 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸே இல்லாத பழைய லைனுக்கு இதனால் ஒரு காவலும் கிடைத்துவிடும். கடைக்காரர் நீட்டும் 100/90 வாட் பல்பை மட்டும் வாங்காதீர்கள். ஹைபீமில் இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 17 ஆம்பியர் கேட்கும். அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் தருவதே 20, 22 ஆம்பியர்தான்.

அந்த டைனமோவைப் பார்ப்போம். சிவப்பு லைட்டின் ஒரு பக்கம் சாவியிலிருந்து பேட்டரி வோல்டேஜ், மறுபக்கம் டைனமோவின் ‘டி’ முனை. டைனமோ வோல்டேஜ் தந்தால் இரண்டும் சமமாகி லைட் அணையும். ஓடும்போதும் எரிகிறதென்றால் டைனமோ தரவில்லை, அல்லது தருவது வந்துசேரவில்லை. ஃபேன் பெல்ட்டை நடுவில் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் தாழ்ந்தால் முதலில் அதை முடுக்குங்கள். அடுத்து டைனமோவின் ‘டி’, ‘எஃப்’ ஒயர் இரண்டையும் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துக் கட்டுங்கள். அதற்கும் டைனமோ உடம்புக்கும் நடுவே மீட்டர். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். நல்ல டைனமோ என்றால் 1000 ஆர்பிஎம்முக்குள் முள் தடையில்லாமல் 20 வோல்ட் ஏறும். அதற்குமேல் வேகம் கொடுக்கவேண்டாம், ஃபீல்டு சுருள் கருகிவிடும்.

மீட்டரில் ஒன்றுமே வரவில்லையென்றால் பிரஷ்ஷை, அதாவது சுழலும் பாகத்தில் உரசும் கார்பன் துண்டைப் பாருங்கள். நெடுநாள் நின்ற வண்டியில் பிரஷ் ஹோல்டரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பது சர்வ சாதாரணம். பின்மூடியைக் கழற்றி, பிரஷ் விரலால் இழுத்தால் தாராளமாக ஏறி இறங்குகிறதா, அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் கறுத்திருக்கிறதா என்று பார்த்து, துணியில் பெட்ரோல் தொட்டுத் துடையுங்கள். ஸ்பிரிங் பிரஷ்ஷை அழுத்தாமல் ஹோல்டரின் மேல் உட்காரும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் புது பிரஷ். மீட்டர் 1 வோல்ட் காட்டி நின்றால் ஃபீல்டு சுருள், 4, 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். இரண்டும் ரீவைண்டிங் கடை வேலை. எதையும் கழற்றும் முன் ஒன்று: இத்தனை காலம் நின்ற டைனமோ தன் காந்தத்தை மறந்திருக்கலாம். ஒயர்களைக் கழற்றிய நிலையிலேயே, பேட்டரியின் லைவிலிருந்து ஓர் ஒயரை ‘எஃப்’ முனையில் மூன்று நான்கு தடவை தட்டி எடுங்கள். சின்னப் பொறி வரும், வரட்டும். எர்த்தை மாற்றிப்போட்ட வண்டிக்கும் இதைக் கட்டாயம் செய்யவேண்டும்.

20 வோல்ட் வந்துவிட்டதென்றால் டைனமோ குற்றமற்றது, கட்-அவுட் பெட்டியைத் திறங்கள். பேட்டரி கழற்றியிருக்கவேண்டும், லைவாக இருக்கும்போது கட்-அவுட் பாயின்டை விரலால் அழுத்தினால் பேட்டரி முழுவதும் டைனமோவுக்குள் பாய்ந்து பாயின்ட் பற்றிக்கொள்ளும். மெல்லிய உப்புத்தாளை நீளமாக வெட்டிப் பாயின்டுகளுக்கு நடுவில் விட்டு இழுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து மூடுங்கள். அங்கிருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் திருகுகளைத் தொடாதீர்கள். துரு அதைத் திருப்பியிருக்காது, ஆகவே நீங்களும் திருப்பவேண்டியதில்லை.

பேட்டரி இறங்குவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சார்ஜ் இல்லாமைதான். மீதிக்கு மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, எர்த் கிளாம்புக்கும் முனைக்கும் நடுவில் வையுங்கள். முன்பு பல்பு பளிச்சென்று எரிந்திருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத வண்டி. எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டும். 0.4 ஆம்பியர் காட்டினால் அது ஒரு 5 வாட் பல்பின் கணக்கு: ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி வீதம் நான்கு நாளில் 40. உங்கள் நான்கு நாளுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. கதவுத் தூணின் சிறு சுவிட்ச் துருப்பிடித்துக் கூரை விளக்கு பகல் வெளிச்சத்தில் தெரியாமல் எரிகிறதா, பிற்பாடு யாராவது மாட்டிய ஸ்டீரியோவுக்கு நேர் லைவ் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். சாவியை எடுத்தபின்னும் சிவப்பு லைட் மங்கலாக எரிந்தால் கதை வேறு: கட்-அவுட் பாயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உடனே பேட்டரியைக் கழற்றுங்கள்.

ஹார்ன் எளிது. ஃபியூஸைக் கழற்றி இரு முனையின் மூடிகளையும் அது உட்காரும் கிளிப்பையும் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஃபியூஸும் களிம்பால் கரண்டை மறிக்கும். ஹார்னுக்கு லைவ் எப்போதும் வந்துகொண்டிருக்கும், ஸ்டீயரிங் பட்டன் எர்த்தை மட்டும்தான் கொடுக்கிறது. ஆகவே ஹார்னின் மறுமுனையை ஒரு ஒயரால் எர்த்தில் தொடுங்கள். அலறினால் பட்டன் பக்கம் கோளாறு. ‘டக்’ என்று மட்டும் கேட்டால் உள்ளே பாயின்ட்: திருகைச் சத்தம் நிற்கும்வரை திருப்பி, அங்கிருந்து கால் சுற்றுத் திரும்பி வாருங்கள்.

இன்ஜின் எர்த் பட்டையையும் மறக்கவேண்டாம். இன்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் நிற்கிறது, பாடிக்கு வரும் வழி அந்தச் செம்புப் பின்னல் பட்டை ஒன்றுதான். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையை மாற்றுங்கள். அது அறுந்திருந்தால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் சோக் கேபிள் வழியே திரும்பும். செல்ஃப் அடித்ததும் சோக் கைப்பிடி சுட்டால் அதுதான் அர்த்தம்.

கடைசியாக எலக்ட்ரீஷியனுக்குப் பதில். பானெட்டுக்குள் இன்ஜினை ஒட்டி வரும் ஒயர் ஒன்றைப் பென்சிலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். உறை வெடித்தால் அந்தக் கட்டு முழுவதையும் மாற்றவேண்டியதுதான், அதில் அவர் சொல்வது சரி. எலி கடித்த தடம் இருந்தாலும் அப்படியே. டேஷ்போர்டுக்குப் பின்னாலும் டிக்கிப் பக்கமும் வெயிலும் சூடும் படாத ஒயர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அவற்றை உருவவேண்டாம். மாற்றும் இடத்தில் ஹெட்லைட்டுக்கு 2.5 சதுர மி.மீ, பார்க்கிங், இண்டிகேட்டருக்கு 1 சதுர மி.மீ, பல இழை கொண்ட ஆட்டோ ஒயர். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் ஒற்றைக் கம்பி ஒயரை இழுத்தால் அதிர்விலேயே ஒடியும். பழைய நிறங்களையே வைக்கச் சொல்லுங்கள்: பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவிக்குப் பின், பச்சை சாவிக்குப் பின் ஃபியூஸ் தாண்டியது, ஊதா எப்போதும் லைவாக இருந்து ஃபியூஸ் தாண்டியது, சிவப்பு பார்க்கிங், நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்புச் சுருளை வாங்கிவந்து இழுக்க முனைந்தால், அடுத்த முறை கோளாறு தேடுபவர் பாடு திண்டாட்டம். எந்த ஒயரையும் கழற்றும் முன் அதன் மேல் பேப்பர் டேப் ஒட்டி, எந்த முனையிலிருந்து வந்தது என்று எழுதிவிடுங்கள்.